வாசலில் அடித்த தகரமும் வாசலில் செருகிய வேப்பிலையும்

கேள்வி: கொரோனா சமயத்தில் மாஸ்க், தனிமைப்படுத்தல், தடுப்பூசி இதையெல்லாம் உங்கள் ஊர் மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? படிப்பறிவு இல்லாததால்தான் பலர் எதிர்த்தார்களா?

எனக்குக் கோவை மாவட்டம் சோமனூர் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டை ஒட்டியே எட்டுத் தறி ஓடுகிற குடோன், அப்பாவுக்கு அப்புறம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2020, 2021 இரண்டு வருடமும் ஊரை விட்டு நகரவில்லை. கேள்வியில் "படிப்பறிவு இல்லாததால்" என்று இருப்பதைப் பார்த்ததும் பதில் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊரில் காய்ச்சலை மறைத்தவர்களில் எம்.காம். படித்தவரும் இருந்தார். எங்கள் தெருவில் முதலில் ஊசி போட்டுக்கொண்டது கைநாட்டு வைக்கிற ஒரு பாட்டி. அதனால் படிப்பை விட்டுவிடுங்கள்.

முதலில் மாஸ்க். தறிக்குடோனுக்குள் வந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும், உள்ளே யாரும் காதால் கேட்டுப் பேசுவதில்லை. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் பாதிதான் விழும், அதனால் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சு. பாவு தீர்ந்துவிட்டது, ஐந்தாம் தறியில் நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, எல்லாமே உதட்டில்தான் ஓடும். அந்த வாயை மூடச் சொன்னால் வேலையே நின்றுவிடும். அதோடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாத வெயில், காற்றடித்தால் நூல் அறும் என்று சாத்தி வைத்த ஜன்னல். நானே இரண்டு நாள் போட்டுவிட்டு மூன்றாம் நாள் தாடைக்கு இறக்கிவிட்டேன். அது தப்புதான். மூடிய அறையில் ஒருவர் விட்ட மூச்சு காற்றிலேயே தங்கி இன்னொருவருக்குப் போகும் என்பதை அப்போது எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. கையைக் கழுவுங்கள் என்றார்கள், கழுவினோம். காய்கறியைக்கூட மஞ்சள் தண்ணீரில் கழுவினோம். அப்புறம் அதே ஜன்னல் சாத்திய குடோனுக்குள் போய்ப் பன்னிரண்டு மணி நேரம் நின்றோம். ஜன்னலைத் திறங்கள், நூல் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவர் வந்து சொல்லியிருந்தால் மாஸ்க்கை விட அது எங்களுக்கு உதவியிருக்கும்.

மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று வந்ததும் அது ஹெல்மெட் மாதிரி ஆகிவிட்டது. செக்போஸ்ட் கண்ணுக்குத் தெரிந்தால் பாக்கெட்டிலிருந்து வெளியே வரும், தாண்டியதும் உள்ளே போகும். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் வந்தால் அதுவும் கிடையாது. வீடு தேடி வந்தவர் முன்னால் மூக்கை மூடிக்கொண்டு நின்றால் "என்னையவே சந்தேகப்படறியா" என்று முகம் சுண்டிவிடும். எங்கள் பக்கம் அந்த மனவருத்தம் பத்து வருடம் ஆனாலும் போகாது.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். ஊர் உண்மையில் பயந்தது தகரத்துக்கு.

2020 மார்ச்சில் தாய்லாந்திலிருந்து ஈரோட்டுக்கு வந்திருந்தவர்களுக்குத் தொற்று உறுதியானதும் அங்கே தெருத்தெருவாக அடைத்தார்கள். முதலில் முடக்கிய 75 மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. அந்த வாரமே டீக்கடைப் பேச்சு மாறிவிட்டது. எந்த நோய், எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, யாரால் வந்தது என்றுதான் கேட்டார்கள். நோய் வந்தவன் தப்புச் செய்தவன் என்கிற எண்ணம் அங்கேதான் எங்களுக்குள் புகுந்தது என்று நினைக்கிறேன்.

அந்த ஆகஸ்டில் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு வந்தது. கேட்டை மறித்துத் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். (பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி முறையான உத்தரவு இல்லாமல் இப்படி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குள் இங்கே நடக்க வேண்டியது நடந்துவிட்டது.) அவர்களுக்குக் காட்டு வேலையும் இரண்டு மாடும்தான் பிழைப்பு. பால் ஊற்றுகிற இடத்தில் அவர்கள் பாலை வாங்கவில்லை. காலையும் மாலையும் கறந்த பாலைத் தென்னை மரத்தடியில் ஊற்றினார்கள். தகரத்தைப் பிரித்த பிறகும் ஒரு மாதம் வரைக்கும் இதே கதைதான். ஊர் முழுக்க அந்தத் தென்னை மரத்தைப் பார்த்தது. ஒரு மாடு வைத்திருப்பவர்கூட, காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

இதே ஊர்தான் அம்மைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். அம்மா வந்திருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டுக்காரரே நிலையில் வேப்பிலை செருகிவிடுவார். வெளியாள் உள்ளே வரமாட்டார், உள்ளே இருப்பவர் விசேஷத்துக்குப் போகமாட்டார், அடுப்பில் தாளிக்கக்கூட மாட்டார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் அப்படித்தான். அபராதம் இல்லை, போலீஸ் இல்லை, தகரமும் இல்லை. தனிமைப்படுத்தலைத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அம்மை வந்த வீட்டைக் கும்பிட்டுவிட்டு ஒதுங்குவோம், கொரோனா வந்த வீட்டைத் திட்டிவிட்டு ஒதுங்கினோம், அதுதான் வித்தியாசம்.

2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி என்று சிலை வைத்தபோது இணையத்தில் நிறையப் பேர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் பிளேக் வந்து கோயமுத்தூரே காலியான காலத்தில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினவர்கள்தான் நாம், அந்தக் கோயில்களில் இன்றைக்கும் பூசை நடக்கிறது. சிலையால் வைரஸ் போகாது, எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் நோயைச் சாமி பேரில் ஏற்றிவிட்டால் நோயாளி மேல் பழி விழாது, அதை எங்கள் பெரியவர்கள் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

சரி, தடுப்பூசிக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் 45 வயதுக்கு மேல் எல்லோருக்கும் போட ஆரம்பித்தார்கள், எங்கள் ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். நடிகர் விவேக் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டு 17ஆம் தேதி இறந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள், அக்டோபரில் மத்திய அரசின் குழுவும் அதையே சொன்னது. ஆனால் மரம் நடச் சொன்ன அந்த நல்ல மனுசன் மேல் இங்கே அவ்வளவு பாசம், அந்தத் துக்கத்துக்கு நடுவில் விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை.

அடுத்த மாதமே கோவை மாவட்டத்தின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது அப்போதுதான். அவருக்கும் இரண்டு மாடு. ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தெருவில் இருக்கிற எனக்கே சொல்லவில்லை. ஆறாம் நாள் பெரியம்மா போன் செய்து "கண்ணு, பெரியப்பனுக்கு மூச்சு வாங்குது" என்றார். ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்த்தால் 82. பெட் தேடி அலைந்து எப்படியோ சேர்த்தோம், பதினோரு நாள் கழித்துப் பெரியப்பா திரும்பி வந்தார். அவரைப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட பெரியம்மா வரவில்லை. எழவுக்கு 20 பேர்தான் என்று கணக்கு, வந்தவர்கள்கூட ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழமுடியாமல் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். "நான் மொத நாளே சொல்லியிருக்கோணும்" என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். முந்தின வருட ஆகஸ்டில் அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜூனில் விடியக்காலை 4 மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஊசி டோக்கனுக்கு வரிசை நின்றது. ஏப்ரலில் மாட்டேன் என்ற அதே ஆட்கள். அதற்குச் சாவு ஒரு காரணம், நர்சம்மா இன்னொரு காரணம். எங்கள் பக்கத்துக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரைத்தான் சொல்கிறேன். பதினைந்து வருடமாக ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்டவர். அவர் மேடை போட்டுப் பேசவில்லை. சாயங்காலம் திண்ணைக்கு வந்து உட்காருவார், பிரசர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்பார், ஊசி பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்வார். "நானும் போட்டிருக்கறனுங்க, எங்கம்மாவுக்கும் போட்டுட்டேன்" என்பார். அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் மூன்று பேருக்கு வந்தது. அவர்களாகவே முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நர்சம்மா வாசலில் நின்று சொன்னதை நான் கேட்டேன்: "பதினாலு நாளைக்கு அம்மாவுக்கு இருக்கற மாதிரியே இருந்துக்கங்க. வேப்பல சொருகிக்கங்க, ஒறம்பரைய வரச்சொல்லாதீங்க. மூச்சு வாங்குச்சுன்னா மட்டும் ராத்திரியானாலும் எனக்குப் போன் பண்ணுங்க." கறந்த பாலில் கொரோனா வராது என்று பால் ஊற்றுகிற இடத்துக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் எதிர்வீட்டு அக்கா மூக்கை நன்றாக மூடி மாஸ்க் போட்டுக்கொண்டு, இரண்டு வேளையும் அவர்கள் கட்டுத்தரைக்குப் போய்க் கறந்து, தனிக் கேனில் எடுத்துப்போய் அவர்கள் பேரிலேயே ஊற்றிவிட்டு வந்தார். அளவு எழுதுகிற பால் அட்டையை தினமும் வாசல் நிலையில் வேப்பிலைக்குப் பக்கத்தில் செருகி வைப்பார்.