மேட்டுக்காட்டுக்காரருக்கு என்ன லாபம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசிக்கிறேன். கூட்டுறவு வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். என் மகள் வேளாண்மைப் பொறியியல் படித்தவள். டிராக்டர் விற்கும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். அதை விட்டுவிட்டு ஆண்டிபட்டிப் பக்கம் நீர்வடிப்பகுதி (மழைநீர் வடிந்து ஓரிடத்தில் சேரும் நிலப்பரப்பு) வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம். அதுவும் சில மாதம் தாமதமாகத்தான் வருகிறது. சொந்தக்காரர்கள் “என்.ஜி.ஓ.வா, வெளிநாட்டுக் காசா?” என்று ஒரு மாதிரியாகக் கேட்கிறார்கள். அவளிடம் என்ன வேலை என்று கேட்டால் “வரப்பு போடுறோம்ப்பா” என்பதோடு சரி. வரப்பு போட எதற்கு இன்ஜினியர்? விவசாயிக்குத் தெரியாததா? சேவை மனப்பான்மை நல்லதுதான், ஆனால் அவளுக்கும் ஒரு வாழ்க்கை அமைய வேண்டும். அரசுத் தேர்வு எழுதச் சொல்லலாமா? இத்தகைய நிறுவனங்களில் இருப்பவர்களை நீங்கள் அறிவீர்கள் என்பதால் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் சொன்னது உண்மைதான், வரப்புதான் போடுகிறார்கள். எங்கே போடுவது என்பதில்தான் படிப்பு இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீர். சரிவான நிலத்தில் அது மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். அதை மறிக்கும் வரப்பு நூல் பிடித்தாற்போல ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஓரிடத்தில் கொஞ்சம் தாழ்ந்தாலும் தண்ணீரெல்லாம் அங்கே சேர்ந்து, முதல் பெருமழையிலேயே உடைத்துக்கொள்ளும். ஆங்கில ‘ஏ’ வடிவத்தில் கட்டிய மூன்று கம்பு, நடுவில் கயிற்றில் தொங்கும் கல், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி. இவ்வளவுதான் கருவி. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய், ட்யூப் லெவலும் உண்டு. வேலையை மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்க வேண்டும். கீழே தடுப்பணையைக் கட்டிவிட்டு மேலே கைவைக்காமல் விட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அணை மண்மேடாகிவிடும்.

விவசாயிக்குத் தெரியாததா என்றால், தெரியும். 1985-இல் ராஜஸ்தானின் ஆல்வார் பக்கம் போன ராஜேந்திர சிங், மருத்துவமும் பள்ளிக்கூடமும் என்ற திட்டத்தோடுதான் போனார். பழைய குளத்தைத் தூர்வாரு என்று சொன்னது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர். ராஜேந்திர சிங்கை 2015-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது வரைக்கும் கொண்டுபோன யோசனை அங்கிருந்து கிடைத்ததுதான். ஊருக்குத் தெரியாதது குளமும் வரப்பும் இல்லை. மேலே இருப்பவனையும் கீழே இருப்பவனையும் ஒரே பாயில் உட்கார வைப்பதுதான் ஊரால் தானாக முடிவதில்லை.

நான் நேரில் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். சாயங்காலம், ஊர்ப் பொதுவிடமான மந்தையில் பத்துப் பதினைந்து பேர். தீர்மான நோட்டோடு நிறுவனத்துப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மேட்டில் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருந்தவர் எழுந்து கேட்டார்: “என் காட்டுல வரப்புப் போட்டா ரெண்டு சால் நிலம் போகும். தண்ணி ஊறுறது கீழ இருக்குறவுக கெணத்துல. எனக்கு என்னம்மா லாபம்?”

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் ஒரு பதில் உண்டு: மண்ணரிப்பு குறையும், ஈரம் நிற்கும், விளைச்சல் கூடும். அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை. “நெசந்தான், உங்களுக்குக் கம்மிதான்” என்று ஒப்புக்கொண்டார். அப்புறம், வரப்பு மேல் தீவனப்புல் போடலாமா, மூலையில் ஒரு பண்ணைக்குட்டை எடுத்தால் எவ்வளவு இடம் போகும் என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கீழ்க் கிணற்றுக்காரர் ஒருவர் அதுவரை வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் அவரைப் பார்த்து, “குட்டை வெட்டுற செலவுல நீங்க என்னண்ணே குடுப்பீங்க?” என்று கேட்டாரே பார்க்கலாம். அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. நோட்டில் வருகையும் கையெழுத்தும் மட்டும் ஏறின. அவர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இருட்டிவிட்டது.

இந்த வேலையின் மையம், ‘எனக்கு என்ன லாபம்’ என்ற மேட்டுக்காட்டுக்காரரின் அந்தக் கேள்விதான். சண்டிகரில் 1958-இல் உருவாக்கிய சுக்னா ஏரி சில ஆண்டுகளிலேயே தூர்ந்துபோக ஆரம்பித்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள் சிவாலிக் மலையடியில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூரைக் கண்டார்கள். ஆடுமாடு மேய்ந்து மலை மொட்டையாகியிருந்தது. நகரத்து ஏரிக்காக நாங்கள் ஏன் மேய்ச்சலை விட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். மண்வள விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா எழுபதுகளில் அதற்குத் தந்த விடை ஒரு சின்ன மண் அணை. சண்டிகருக்கு இல்லை, அவர்கள் வயலுக்கு. அதைவிட முக்கியம், நிலமில்லாத வீட்டுக்கும் தண்ணீரில் பங்கு உண்டு என்று ஆனது. வேண்டாதவர் தன் பங்கை அடுத்தவருக்குக் கொடுத்துக் காசாக்கிக்கொள்ளலாம். மேய்ச்சலை ஊரே நிறுத்தியது, வேலி போடவில்லை. ஆண்டிபட்டிக்கும் இது தூரத்துக் கதையல்ல. வருசநாட்டு மலையிலிருந்து இறங்கும் மண் 1959-இல் திறந்த வைகை அணையில் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சுகோமாஜ்ரியை எல்லாரும் மேடையில் சொல்வார்கள். நிலமில்லாதவர் பங்கு என்ற பகுதியை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுவார்கள். பொதுநிலத்தில் மேய்ச்சலுக்குத் தடை போட்டால் கிணற்றுக்காரருக்கு நட்டமில்லை. நாலு வெள்ளாடு வைத்திருக்கும் விதவைக்கு மறுநாளே அடி.

வங்கியில் இருந்தவர் என்பதால் உங்களுக்குச் சட்டெனப் புரியும் ஒரு கணக்கும் இருக்கிறது. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான மத்திய அரசின் 2008 பொது வழிகாட்டு நெறிகளின்படி, தனியார் நிலத்தில் நடக்கும் வேலைக்கு நிலத்துக்காரர் குறைந்தது 10 சதவீதம் தர வேண்டும். சிறு, குறு விவசாயிகளும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் 5 சதவீதம். அந்தப் பணம் பின்னாளில் பராமரிப்புக்கு என்று நிதியாகச் சேர வேண்டும். நல்ல விதி. பல இடங்களில் நடப்பது என்ன? நிலத்துக்காரர் பையில் கைவிடுவதில்லை. மண் வெட்டும் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆக, நிலமே இல்லாத ஒரு பெண் தன் கூலியில் ஒரு பகுதியை அடுத்தவர் வரப்புக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள், அவளுக்கே தெரியாமல். மேலிருந்து பார்த்தால் ஏடு சுத்தமாக இருக்கும். வருகையும் கூலியும் பதியும் மஸ்டர் ரோலைக் கையில் வைத்திருக்கும் களப்பணியாளருக்கு மட்டும்தான் தெரியும். அவர் நிமிர்ந்து “அது நீங்க தரவேண்டிய பணம்ணே” என்று ஊர்ப் பெரியவரிடம் சொல்கிறாரா இல்லையா என்பதில்தான் திட்டம் யாருக்கு என்பது முடிவாகிறது. இருபத்தைந்து வயதுப் பெண் இதைச் சொல்வதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்லது. இப்போது சம்பளம். இதைச் சேவை என்று எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. உறவினர்கள் இளக்காரமாகச் சொன்னாலும் சரி, நீங்கள் மரியாதையாகச் சொன்னாலும் சரி, கடைசியில் அது குறைந்த சம்பளத்துக்கு நியாயமாகிவிடுகிறது. இது தொழில். கம்பவுண்டரும் சர்வேயரும் கணக்குப்பிள்ளையும் சேர்ந்த தொழில். அதற்குரிய கூலி வேண்டும். தாமதமாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம், தவணை விடுவிக்கும் இடத்தில் கோப்பு நிற்பதுதான். வெளிநாட்டுக் காசு என்ற பேச்சையும் உறவினர்களுக்கு விளக்கிவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்றுவந்த உள்ளூர்ச் சிறு அமைப்புகள்தான் அதில் அடிவாங்கின. இன்று அவர்கள் பலரும் வேளாண்மைக்கான தேசிய வங்கியான நபார்டையோ கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையோ நம்பியிருக்கிறார்கள். கம்பெனிகளுக்குப் பொக்லைனும் பெயர்ப்பலகையும் பிடிக்கும். மந்தையில் ஒரு வருடம் உட்கார்ந்து பேசியதைப் போட்டோ பிடித்து அனுப்ப முடியாதே.

எல்லா நிறுவனமும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். குடும்பச் சொத்து மாதிரி டிரஸ்ட் நடத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மகளிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். பி.எஃப். பிடிக்கிறார்களா, நியமன உத்தரவு கையில் இருக்கிறதா, இருட்டியபின் தனியாக வண்டியில் திரும்ப வேண்டியிருக்கிறதா, திட்டம் முடிந்தால் அடுத்து என்ன? பங்குத்தொகையை யாரிடம் வசூலிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலில் நிறுவனத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

அரசுத் தேர்வு எழுதட்டும், தடையென்ன? வேளாண்மைப் பொறியியல் துறையில் இதே மண்வளப் பாதுகாப்பு வேலை இருக்கிறது, உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. மந்தையில் இரண்டு வருடம் உட்கார்ந்து பழகிய ஒருவர் அந்த நாற்காலிக்குப் போனால் துறைக்குத்தான் லாபம். போகாமல் அங்கேயே இருந்துவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். முடிந்தால் கோடையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மண்வேலை அப்போதுதான் மும்முரமாக நடக்கும். நிழல் இருக்காது, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.