டாப் கியர், டயர், கிரவுன் பினியன்: லாரி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 16 டன் மொத்த எடையுள்ள இரண்டு அச்சு லாரி உள்ளது. முன்பு குவாரிக்கு ஓடிய வண்டி. இப்போது முழுக்க நெடுஞ்சாலைச் சரக்குதான். டயர் 9.00 ஆர் 20, பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் விகிதம் 5.86. ஆறு கியரில் முதல் கியர் 8.0, ஐந்தாவது 1.4, டாப் கியர் நேரடி, அதாவது 1.0. என்ஜின் நிமிடத்துக்கு 1,400 முதல் 1,600 சுற்றுக்குள் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் 2,500 சுற்றைத் தொட்டு அலறுகிறது. 10.00 ஆர் 20 டயர் மாட்டினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். கிரவுன் பினியனை 4.11 ஆக மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். மேட்டில் இழுவை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டாமவர் சொல்வதே சரி, ஆனால் நீங்கள் அஞ்ச வேண்டிய இடம் மேடு அன்று, முதல் கியர்.

டயரை முதலில் பார்ப்போம். உங்கள் 9.00 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.1 மீட்டர் உருளும், 10.00 டயர் சுமார் 3.2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 430 முறை சுற்றுகிறது, அதை 5.86 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,520. பெரிய டயரில் இது 2,440 ஆகும். என்ஜினில் 80 சுற்றைக் குறைப்பதற்காக ஏழு டயர்களையும், அகலம் போதாததால் ரிம்களையும் மாற்றி, ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி 82க்கு மேல் ஓடும் நிலையையும் ஏற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரிய சக்கரத்தைப் பழைய பிரேக் அதே விசையோடு நிறுத்தாது என்பதும், இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி குறையும் என்பதும் சேர்கின்றன. டயரைச் சுமைக்கும் வேகத்துக்கும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, கியர் விகிதத்தைத் திருத்தும் கருவியாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

4.11 இல் கணக்கு வேறு. அதே 430 சுற்றுக்கு என்ஜின் 1,770 சுற்றில் ஓடும். சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க இத்தகைய வண்டிக்குச் சுமார் 60 முதல் 70 கிலோவாட் தேவை. 2,520 சுற்றில் ஓடினாலும் 1,770 சுற்றில் ஓடினாலும் காற்றும் சாலையும் கேட்பது அதையேதான். ஆனால் வேகமாகச் சுற்றும் என்ஜின் தன் பிஸ்டன், தாங்கிகள், பம்புகள் ஆகியவற்றின் உராய்வை வெல்வதற்கே டீசலைக் கூடுதலாகச் செலவிடுகிறது. அந்தச் செலவுதான் இந்த மாற்றத்தில் மிச்சமாகிறது.

இனி மேடு. சக்கரத்தில் கிடைக்கும் இழுவையைக் கிரவுன் பினியன் விகிதம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதைக் கியர் பெட்டியில் போட்ட கியரின் விகிதத்தோடு பெருக்கிய தொகைதான் முடிவு செய்கிறது. இப்போது டாப் கியரில் உங்களுக்குக் கிடைப்பது 1.0 பெருக்கல் 5.86. மாற்றிய பிறகு ஐந்தாவதில் 1.4 பெருக்கல் 4.11, அதாவது 5.75. உங்கள் பழைய டாப் கியர் எங்கும் போய்விடவில்லை, ஐந்தாவது கியராக இருக்கிறது. மேடு வந்ததும் ஒரு கியர் முன்னதாக இறக்குவீர்கள், அவ்வளவே.

உண்மையான இழப்பு அடிக் கியரில்தான். முதல் கியரில் முன்பு மொத்த விகிதம் ஏறத்தாழ 47, இனி 33. என்ஜினின் முழு முறுக்குவிசையும் கிடைத்தால், நிறைசுமையோடு முன்பு சுமார் 25 சதவீத ஏற்றத்தில் நின்று கிளம்பியிருக்கலாம், இனி 17 சதவீதம். கிளட்சை விடும் வேளையில் என்ஜின் அந்த முழு விசையைத் தராது என்பதால், நடைமுறையில் இதை 11 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நெடுஞ்சாலைக்கு இது தாராளம். உங்கள் முதல் கியர் 8.0 ஆக இல்லாமல் 5.5 ஆக இருந்திருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன். செங்குத்தான சரிவில் சுமையோடு பின்னோக்கி ஏற்ற வேண்டிய வேலை இருந்தால் ரிவர்ஸ் கியரின் விகிதத்தையும் இப்படியே கணக்கிடுங்கள். கிளட்ச் பெரும்பாலும் அங்கேதான் கருகுகிறது.

4.11 நல்லது என்றால் 3.5 இன்னும் நல்லதல்லவா என்று யாராவது சொல்லக்கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3.5 விகிதம் என்ஜினை 1,130 சுற்றுக்கு இறக்கிவிடும். உங்கள் என்ஜினுக்கு அங்கே இழுவை இல்லை. 4.11 இல் அதே வேகத்தில் 1,325 சுற்று வரும், சமாளித்துக்கொள்ளும்.

வேலையைத் தொடங்குமுன் இப்போதைய விகிதத்தை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே நேரத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினால் அந்தக் கோடு ஆறு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சுற்றினால் பாதிதான் வரும். பலரும் ஏமாறுவது இங்கேதான். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 7 பல்லும் இருந்தால் 5.86, 37 பல்லும் 9 பல்லும் இருந்தால் 4.11. கிரவுனையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பொருத்தியபின் பல்லில் நீலச்சாயம் பூசிச் சுற்றிப் பார்த்து, இரு பல்லும் தொடும் பதிவு பல்லின் நடுப்பகுதியில் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள்; காட்டாத பட்டறையில் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் தானே கியர் மாற்றும் பெட்டி உள்ளது. கிரவுன் பினியனை மாற்றிய பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது மேல் கியருக்கும் கீழ்க் கியருக்கும் இடையே ஓயாமல் தாவுகிறது. பெட்டி கெட்டுவிட்டதா?

பதில்: பெட்டியைத் திறக்க விடாதீர்கள். அதன் கட்டுப்பாட்டுக் கணினியில் கிரவுன் பினியன் விகிதமும் டயரின் உருளும் சுற்றளவும் எண்களாகப் பதிவாகியிருக்கும்; பொருளை மாற்றியவர் அந்த எண்களை மாற்றியிருக்க மாட்டார். அவற்றைத் திருத்தினால் ஸ்பீடோமீட்டரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்து சரியாகும். திருத்திய பிறகும் தாவினால், நீங்கள் அதிகம் ஓடும் வேகம் இரு கியர்களின் எல்லையில் விழுகிறது என்று பொருள். அந்தப் பாதையில் கையால் ஒரு கியர் கீழே வைத்து ஓட்டலாம்.

கேள்வி: பின் இரட்டைச் சக்கரத்தில் ஒரு புது டயரையும் ஒரு தேய்ந்த டயரையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: கூடாது. புது டயருக்கும் நன்றாகத் தேய்ந்த டயருக்கும் விட்டத்தில் 25 மில்லிமீட்டர் வரை வேறுபாடு வரலாம். இரண்டும் ஒரே மையத்தில் பூட்டப்பட்டிருப்பதால், சிறியது சுற்றுக்குச் சுற்று சாலையில் இழுபடும். பெரியது சுமையை ஏறக்குறையத் தனியாகத் தாங்கிச் சூடேறும். இரு பின் அச்சுகளும் இழுக்கும் வண்டியாக இருந்தால் நான்கு ஜோடிகளையும் ஒரே அளவில் வையுங்கள். இல்லையெனில் அச்சுகளுக்கு இடையிலுள்ள, அவற்றின் வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் ஓய்வின்றி வேலை செய்து தேய்ந்துபோகும்.