கூத்து ராத்திரியில் ஒரு கொலை: வாசகர் கேள்வி பதில்

கிராமத்தில் நடக்கும் கொலை, போலீஸ் அல்லாத ஒருவர் துப்பறிகிறார். இந்த வகைக் கதை எழுத உட்கார்ந்திருக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

என் கதையில் துப்பறிவது ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. ஊரில் எல்லாரிடமும் மரியாதை உண்டு. ஆனால் அவர் போய்க் கேட்டதும் எல்லாரும் கொட்டிவிடுவது எனக்கே நம்பும்படி இல்லை. (குடியாத்தம் வாசகி)

மரியாதைதான் உங்கள் ஆளுக்கு எதிரி. டீச்சர் வந்தால் நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். 1930இல் முதல் நாவலில் வந்த, அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளுக்குத் தோட்ட வேலையும், பறவை பார்க்கிறேன் என்று கையில் ஒரு பைனாகுலரும் இருந்தன. தெருவை வேடிக்கை பார்க்க அது போதுமான சாக்கு. நம்மூரில் அந்தச் சாக்கு தொழிலில் கிடைக்கும். ஜாக்கெட் தைக்கும் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் குட்டைக் கை கேட்பவள் இந்தத் தடவை முழங்கை தாண்டி வைக்கச் சொல்கிறாள். அளவு எடுக்கும்போது டேப் பட்டதும் தோளைச் சுருக்குகிறாள். கேள்வியே கேட்காமல் ஒரு தடயம் வந்துவிட்டது. ரேஷன் கடை எடையாளர், சத்துணவு ஆயா, கடனுக்குப் பூ கொடுப்பவர் எல்லாரும் தேறுவார்கள். டீச்சரை விட மனசில்லை என்றால் தையல்கார அக்காவை அவருடைய பழைய மாணவி ஆக்கிவிடுங்கள்.

பிணத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கப் போலீஸ் விடுமா? என் நாயகன் கயிற்றைத் தாண்டி உள்ளே நுழைவதாக எழுதியிருக்கிறேன். (அணைக்கட்டு வாசகர்)

தாண்ட வேண்டாம், போலீசே கூப்பிடும். சந்தேக மரணம் என்றால் பிரேத விசாரணை நடக்க வேண்டும். அப்போது அக்கம்பக்கத்து மதிப்புள்ளவர்கள் இரண்டு பேராவது உடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. அதற்கு முந்தைய கதை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. காயம் எங்கே, எப்படிப்பட்டது, எதனால் ஆகியிருக்கலாம் என்று எழுதுவார்கள். உடன் இருந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இப்படி உடன் இருப்பவர்களைப் பஞ்சாயத்தார் என்பார்கள். உங்கள் நாயகனை அவர்களில் ஒருவராக உட்கார வையுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தும் ஆயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. பின்னால் அந்த அறிக்கையில் இல்லாத ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தால் கதைக்கு நல்ல முடிச்சு.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் விஷயம் வேறு. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும், ஊரே வாயை மூடிக்கொள்ளும். முதல் கதைக்கு அது வேண்டாம். போஸ்ட்மார்ட்டத்துக்கு உடலை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். ஆனால் ரசாயனப் பரிசோதனை முடிவை மறுநாள் காலையில் வரவழைத்துவிடாதீர்கள். அந்தத் தாமதம்தான் உங்கள் ஆள் துப்பறிய கிடைக்கும் இடைவெளி.

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும் ராத்திரியில் கொலை. கொலையாளி துரியோதனன் வேஷம் கட்டியவர். இடையில் இறங்கிப் போய்க் கொன்றுவிட்டு வந்து ஆடுகிறார். சரிப்படுமா? (போளூர் வாசகர்)

களம் அருமை, ஆள்தான் தப்பு. துரியோதனனுக்கு முகம் எழுதவே நெடுநேரம் ஆகும். மேலே கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம், காலில் சலங்கை. அந்தக் கோலத்தில் வரப்பில் நடந்தால் நாய் குரைத்தே ஊரைக் கூட்டும். அவிழ்த்துவிட்டுப் போய்த் திரும்பவும் கட்டிக்கொள்ள நேரம் போதாது. கட்டிவிடும் ஆளும் கூட்டாளியாக வேண்டும்.

கொலையாளியைக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். நேரத்துக்கு அர்ஜுனன் தபசைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நட்ட மரத்தில் அர்ஜுனன் பாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுகிறார். ஊர் மொத்தமும் அண்ணாந்து நிற்கிறது. மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே முந்தானையை விரித்துக் காத்திருக்கும் பெண்கள் பக்கத்தில் யார் இருந்தார், யார் நகர்ந்தார் என்று திரும்பியே பார்க்க மாட்டார்கள். “தபசு முழுக்க இங்கேதான் இருந்தேன்” என்று எவரும் சொல்லலாம், எவரும் மறுக்க முடியாது.

சாதாரணக் கூத்து ராத்திரி என்றால் விடியற்காலை இரண்டு, மூன்று மணி. பாதிக் கூட்டம் பாயில் சுருண்டிருக்கும். அப்போதும் விழித்திருப்பவர் டீக்கடைக்காரர் என்பது வாசகருக்கே தெரியும். அதனால் அவரை வாசகரைத் திசைதிருப்பும் சாட்சி ஆக்குவது நல்லது. நிஜ சாட்சி, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன். ராத்திரி முழுக்க கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பவர், முன்வரிசைக்காரரைப் பெயர் சொல்லிக் கிண்டலடிப்பவர். ஒரு தடவை கிண்டலடித்த ஆளை மறுபடி தேடுகிறார், இடம் காலி. உடனே வேறு ஒருவரைப் பிடித்துக்கொள்கிறார். இதை நான்காம் அத்தியாயத்தில் வெறும் நகைச்சுவையாக எழுதிவிட்டு மறந்ததுபோல் போய்விடுங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே தாண்டுவார்கள்.

உடல் விறைத்திருப்பதை வைத்து, “சரியாகப் பதினொன்றரைக்கு இறந்திருக்கிறார்” என்று டாக்டர் சொல்லலாமா? (காட்பாடி வாசகர்)

கூடாது. விறைப்பு கண் இமையிலும் தாடையிலும் தொடங்கி கீழே இறங்கும். வேலூர் கோடையில் சீக்கிரம் வரும், சீக்கிரம் விலகும். மார்கழியில் இரண்டும் தாமதம். டாக்டர் சில மணி நேர வரம்புதான் சொல்லுவார். துல்லியமான நேரம் வேண்டுமென்றால் கரண்ட் நின்ற நேரம், கடைசி டவுன் பஸ் என்று வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். ரத்தம் தேங்கிய நிறமாற்றம் இதைவிடப் பயன்படும். அது பல மணி நேரத்தில் நிலைத்துவிடும். குப்புறக் கிடப்பவரின் முதுகில் இருந்தால் யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள். கறுத்த தோலில் சட்டென்று தெரியாது என்பதையும் எழுதுங்கள்.

தடயத்தை எங்கே ஒளிப்பது? சந்தேக நபர்கள் எத்தனை பேர்? (வாலாஜா வாசகி)

ஐந்து பேர் போதும். எட்டைத் தாண்டினால் படிப்பவர் பெயரை மறப்பார். முக்கியத் தடயத்தை மூன்று பொருள்களில் நடுவில் சொல்லுங்கள்: திண்ணையில் முறம், புதுக் கயிறு, கோழிக்கூடு. உடனே அடுத்த வரியில் ஒரு சண்டையைக் கிளப்பிவிடுங்கள். கதையின் முதல் கால்வாசிக்குள் அந்தத் தடயம் ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும். துப்பறிபவருக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் இந்த வகைக் கதைகளுக்கு 1929இல் போட்ட பத்து விதிகளில், இதுவரை யாரும் கண்டறியாத விஷம் கூடாது, தற்செயல் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பவையும் உண்டு. அம்மன் கனவில் வந்து சொல்வதும் இதில் அடக்கம்.

1970களில் நடப்பதாக எழுதுகிறேன். எதில் கவனம் வேண்டும்? (ஆரணி வாசகர்)

வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வரக் கூடாது. ஊர் நிர்வாகம் பார்த்த மணியக்காரரும் கணக்கு எழுதிய கர்ணமும்தான், அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980இல்தான் ஒழிந்தன. மாவட்டம் ஒரே வட ஆற்காடு. திருவண்ணாமலை பிரிந்தது 1989இல், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல். காட்பாடி–விழுப்புரம் பாதை அப்போது மீட்டர் கேஜ், அதாவது குறுகலான தண்டவாளம். மெட்ராசிலிருந்து காட்பாடி வழியாக வருபவர் அங்கே வண்டி மாற வேண்டும். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றையும் சேருங்கள்: ஆரணி ரோடு ஸ்டேஷன் இருப்பது ஆரணியில் அல்ல, களம்பூரில். “ராத்திரி ரயிலில் ஆரணியில் இறங்கி, ரெண்டு தெரு நடந்து வீட்டுக்குப் போனேன்” என்று வெளியூர் மாப்பிள்ளை வாக்குமூலம் கொடுத்தால், மணியக்காரர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்கட்டும்.