3 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஹாலோவீன் தின்பண்டம் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் வீட்டுக்குள் சாப்பிட மட்டும் செய்யுங்கள். ஹாலோவீன் அன்று இங்கே அமெரிக்காவில் பேய் வேஷம் போட்டு, வீடு வீடாக மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குக் கடையில் ஒரு பை மிட்டாய் வாங்கிவிடுங்கள்.

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. கொலுவுக்குச் சுண்டல் கட்டிக்கொடுப்பது போல, நானே செய்த பர்பியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து அக்டோபர் 31 சாயங்காலம் வாசலில் நின்று கொடுத்தேன். எல்லாரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை தெருமுனைக் குப்பைத்தொட்டியில் என் பொட்டலங்கள் மூன்று கிடந்தன.

அவர்கள் மேல் தப்பில்லை. கடையிலிருந்து சீல் பிரிக்காமல் வந்ததை மட்டும் சாப்பிடு என்று சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 1974-ல் டெக்சாஸில் ஒருவன் இன்ஷூரன்ஸ் பணத்துக்காக, ஹாலோவீன் இரவில் மிட்டாய்ப் பொடியில் சயனைடு கலந்து தன் மகனையே கொன்றான். கொன்றது பெற்ற அப்பன், சந்தேகம் மட்டும் அக்கம்பக்கத்து வீடுகள் மேல். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் பல வருடச் செய்திகளைத் துருவிப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவர் விஷம் வைத்துக் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக நிரூபணமே இல்லை என்கிறார். ஆனாலும் பயம் போகவில்லை. அலர்ஜி வேறு இருக்கிறது. என் பர்பியில் முந்திரி இருந்தது, அதைச் சொல்லும் லேபிள் பொட்டலத்தில் இல்லை.

சரி, வீட்டுக்குள் வருவோம். என் பிள்ளைகளுக்கும் அதே வயதுதான் ஆகிறது, மகனுக்கு 5, மகளுக்கு 3. முதலில் வாழைப்பழப் பேயில் ஆரம்பியுங்கள். பழத்தை உரித்து, குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி நிற்க வையுங்கள். மிகச் சின்ன சாக்லேட் சிப்ஸ் இரண்டு கண்ணுக்கு, கொஞ்சம் பெரியது ஒன்று வாய்க்கு. அவ்வளவுதான், அடுப்பே வேண்டாம். பழம் கறுக்காமல் இருக்க மேலே கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு தடவலாம், ஆனால் எங்கள் வீட்டில் கறுக்கும் வரை எந்தப் பேயும் உயிரோடு இருந்ததில்லை. அதன் பக்கத்தில் உரித்த சின்ன ஆரஞ்சின் தலையில் செலரித் தண்டு ஒரு துண்டைக் குத்தி வைத்தால் அது பூசணிக்காய்.

போன வருடம் மகள் ஒரு பேய்க்கு மூன்று கண் வைத்தாள். இரண்டு போதும் கண்ணு என்றேன். "இது மேல பாக்கறதுக்கு" என்று உச்சந்தலைக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் அழுத்தினாள். இந்த வயதுக்கு நான் பேய் பலகாரங்களைச் சிபாரிசு செய்வதே இதனால்தான். பிறந்தநாள் கேக் கோணிப்போனால் அழுவார்கள், பேய் கோணலாக இருந்தால்தான் பேய்.

அடுத்தது, ரைஸ் கிரிஸ்பீஸ் (காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் அரிசிப் பொரி) பூசணி உருண்டை. 3 டேபிள்ஸ்பூன் வெண்ணெயை மிகச் சின்னத் தீயில் உருக்கி, 10 அவுன்ஸ் மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி மெத்தென்ற மிட்டாய்) பாக்கெட் ஒன்றை அதில் போட்டுக் கரையவிட்டு, ஆரஞ்சுக் கலர் இரண்டு சொட்டு விட்டு, இறக்கி 6 கப் ரைஸ் கிரிஸ்பீஸைப் போட்டுக் கிளறுங்கள். தீ கூடினால் பிறகு பல்லை உடைக்கும். இதுவரை உங்கள் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கையில் வெண்ணெய் தடவி உருட்டச் சொல்லுங்கள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்த கைக்கு இது விளையாட்டு. ஒரே வித்தியாசம், அதை இறுக்கிப் பிடிப்போம், இதை மெதுவாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் செங்கல்தான்.

சைவக் குடும்பம் என்றால் ஒரு விஷயம். சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது மிருகத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, பெரும்பாலும் பன்றி. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா ஆசையாக ஒரு உருண்டையை எடுத்து வாயருகே கொண்டுபோன நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது 'வீகன்' (மிருகப் பொருள் எதுவும் சேராதது) என்று போட்டிருப்பதைத்தான் வாங்குகிறேன். கரைய நேரமாகும், கொஞ்சம் கெட்டியாகவும் இருக்கும், சுவையில் பிள்ளைகள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளை சாக்லேட்டை உருக்கி எதையாவது முக்கியெடுக்கும் வேலைக்கு மட்டும் இந்த வயதுப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன். மகன் கை கழுவிவிட்டுத் துடைக்காமல் ஓடிவந்து கிண்ணத்தின் மேல் கையை நீட்டினான். நாலு சொட்டுத் தண்ணீர். வழவழவென்று இருந்தது ஒரு நிமிடத்தில் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. சாக்லேட்டில் உள்ள சர்க்கரை அந்தத் துளி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரும்பப் பழைய மாதிரி ஆகாது. சூடான பாலை ஊற்றி ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டோம். சர்க்கரைப் பாகில் முக்கும் ஆப்பிள் பக்கமே போகாதீர்கள், அந்தப் பாகு 150 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்.

உங்கள் சின்னவருக்கு 3 வயதுதானே? பாப்கார்ன், முழு திராட்சை, கொட்டைகள், கெட்டி மிட்டாய், முழு மார்ஷ்மெல்லோ எதுவும் 4 வயது வரை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். திராட்சையை 'கண்' ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. நீளவாக்கில் நாலாக நறுக்கினால்தான் ஆகும், அப்புறம் அது கண் மாதிரி இருக்காது.

கடைசியாக, ஹாலோவீன் வழக்கப்படி முகம் செதுக்கப் பூசணியைக் குடைந்தால் உள்ளே வருவதை எறியாதீர்கள். அந்த வழவழப்புச் சதையிலிருந்து விதையைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் சத்தமே வராது. விதையை உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், மிளகாய்த்தூள், துளி பெருங்காயம் போட்டுப் பிசறி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 15, 20 நிமிடம் வையுங்கள். பெருங்காயம் அம்மாவின் யோசனை. இதை 3 வயதுக்குக் கொடுக்க முடியாது. அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு நாங்கள்தான் காலி செய்தோம்.