டெக் கம்பெனி பேர் போட்ட ஸ்மார்ட் கார், நம்பி வாங்கலாமா?

கேள்வி: கூகுள், ஹுவாவே, பைடுன்னு பெரிய டெக் கம்பெனிங்க எல்லாம் கார் கம்பெனிங்களோட சேர்ந்து ஸ்மார்ட் கார் கொண்டு வர்றாங்க. அந்த மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நாளைக்கு ஸ்கிரீன் மக்கர் பண்ணா யார்கிட்ட போய் நிக்கிறது?

பதில்: பில்லுல யார் பேர் இருக்கோ அவங்ககிட்டதான். "அது சாஃப்ட்வேர் பிரச்சனை, அவங்களைக் கேளுங்க"ன்னு டீலர் கை காட்டினா விடாதீங்க, காரை வித்தவங்க அவங்கதான்.

ஆனா பேரை மட்டும் நம்பி வாங்காதீங்க. சீனாவோட டெக் கம்பெனி பைடுவும் அங்கத்திய கார் கம்பெனி ஜீலியும் சேர்ந்து 2021ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, அதுதான் பின்னாடி ஜியுயேங்கற பேர்ல கார் வித்தது, ரெண்டு பக்கமும் பெரிய ஆளுங்க, இருந்தும் 2024 டிசம்பர்ல அது அப்படியே படுத்துடுச்சு. கார் வாங்கினவங்க சர்வீஸ் கிடைக்குமான்னு தவிச்சுப் போய்ட்டாங்க, அப்புறம்தான் பைடுவும் ஜீலியும் நாங்க பாத்துக்கறோம்னு அறிக்கை விட்டாங்க. ஆப்பிள்கூட பல வருஷம் கார் வேலை பாத்துட்டு 2024ல கைவிட்டுடுச்சு.

இன்னொண்ணு, ஆண்ட்ராய்டு ஆட்டோ வேற, கூகுள் காருக்குள்ளேயே இருக்கறது வேற. முதல்ல சொன்னது உங்க போன்லதான் ஓடுது, கார் ஸ்கிரீன்ல தெரியும் அவ்ளோதான், போனை மாத்தினா அதுவும் புதுசாயிடும். ரெண்டாவதுல (2020ல போல்ஸ்டார் 2ங்கற எலக்ட்ரிக் கார்ல முதல்ல வந்தது) எல்லாமே காரோட சிப்லதான், அந்த சிப் உங்க காரோட சேர்ந்து வயசாகும், அதனால எத்தனை வருஷம் அப்டேட் தருவீங்க, நெட் எத்தனை வருஷம் ஃப்ரீ, அது முடிஞ்சா எதெல்லாம் நிக்கும்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வாய் வார்த்தை எல்லாம் வேண்டாம். அமெரிக்காவுல 2022ல 3ஜி நெட்வொர்க்கை நிறுத்தினப்போ, அதை நம்பி நல்லா ஓடிட்டு இருந்த நிறைய பழைய கார்ல அவசர அழைப்பு, ரிமோட் வசதி எல்லாம் போச்சு, இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல.

டெஸ்ட் டிரைவ் போறப்போ காரை ஏதாவது பேஸ்மென்ட் பார்க்கிங்ல சிக்னல் இல்லாத இடத்துக்குக் கொண்டு போங்க. உங்க போனையும் ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டு, கார்டாலயோ கீயாலயோ கதவு திறக்குதா, ஏசி குறையுதா, ரிவர்ஸ் கேமரா உடனே வருதா, வைப்பர் போட எத்தனை மெனு தாண்டணும்னு பொறுமையா பாருங்க. சேல்ஸ்மேன் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். அங்க தடுமாறுற கார் எவ்ளோ பெரிய ஸ்கிரீன் வச்சிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்னா பழைய ஓனர் கார்ல இருக்கற அவரோட அக்கவுண்டை உங்க கண் முன்னாடியே நீக்கி, ஃபேக்டரி ரீசெட் பண்ணின பிறகு காசு குடுங்க. இல்லன்னா உங்க கார் எங்க நிக்குதுன்னு அவர் போன்ல தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்.