மெத்தென்று இருந்தால் போதுமா? லேஸ் சால்வை: கேள்வி பதில்

லேஸ் சால்வை பின்னுகிறவர்களும், பின்ன ஆசைப்பட்டு நூலை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்களும் கேட்ட கேள்விகளில் எல்லோருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்குமேல் நூலைப் பற்றித்தான். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அக்கா, பேபி அல்பாகா நூல் 100 கிராம் வாங்கினேன். கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னினேன். பத்து நாள் போட்டதற்கே முழங்கால் வரை தொங்குகிறது, டிசைனும் கலங்கிவிட்டது. என் கைதான் தளர்வோ?

உங்கள் கைமேல் பழி போடாதீர்கள். குற்றம் நூலிலும் இல்லை, அதற்குக் கொடுத்த வேலையில்தான்.

செம்மறியாட்டுக் கம்பளி இழை ஒன்றைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அலை அலையாகச் சுருண்டிருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அல்பாகா என்ற தென் அமெரிக்க விலங்கின் ரோமத்தில் அந்தச் சுருள் குறைவு. பட்டில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. லேஸ் என்பது ஓட்டைகளால் ஆன துணி. ஓட்டையைச் சுற்றியிருக்கும் நூல் தன் இடத்தில் நின்றால்தான் ஓட்டை ஓட்டையாக இருக்கும். பழைய கயிற்றுக் கட்டில் நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு அறுந்திருக்காது, ஆனால் திரும்பி வரும் தெம்பு போயிருக்கும். உங்கள் சால்வைக்கு நடந்ததும் அதுதான்.

கடையில் எல்லோரும் நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். நானும் செய்கிறேன். ஆனால் லேஸுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். ஒரு சாண் நூலை இரு விரலுக்கு இடையில் மெதுவாக இழுத்து விடுங்கள். சட்டென்று பின்வாங்குகிறதா? வாங்கலாம். இழுத்த இடத்திலேயே கிடக்கிறதா? அதில் பெரிய சால்வை வேண்டாம், கழுத்துக்குச் சிறிய ஸ்கார்ஃப் போதும். முதல் சால்வைக்கு நான் சொல்வது மெரினோ செம்மறியாட்டுக் கம்பளியோ, ஷெட்லாண்ட் கம்பளியோதான். ஷெட்லாண்ட் நூல் உருண்டையாக இருக்கும்போது கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். ஒரு முறை அலசினால் மலர்ந்து மென்மையாகிவிடும்.

இப்போது இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் நனைத்து, இந்தத் தடவை விறைப்பாக இழுக்காமல், சற்றுச் சுருக்கமாகவே விரித்துக் காயவிடுங்கள். ஹேங்கரில் மட்டும் மாட்டாதீர்கள். மடித்து வையுங்கள்.

ஒரு முழுச் சால்வை மோதிரத்துக்குள் நுழையும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அதுவும் ஒரே ஊர்க் கதை இல்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் உன்ஸ்ட் என்று ஒன்று உண்டு. பிரிட்டனில் மக்கள் வாழும் தீவுகளில் வடகோடியில் இருப்பது. அந்த ஊர் ஆடுகள் கோடைத் தொடக்கத்தில் தாமாகவே ரோமத்தை உதிர்க்கும். கத்தரிக்காமல் கையாலேயே பறித்தெடுப்பார்கள். கத்தரி படாததால் இழை நுனி மழுங்காமல் இருக்கும். அதிலும் கழுத்துப் பக்கத்து ரோமம்தான் மிக மென்மை. அதை முடியிழை போல நூற்று, ஆறடிச் சதுரத்துக்குப் பின்னுவார்கள். முழுச் சால்வையின் எடை 100 கிராமைத் தொடாது. கல்யாண மோதிரத்துக்குள் நுழைவதால் அதற்குப் பெயரே மோதிரச் சால்வை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், விக்டோரியா அரசி காலத்தில், ஷெட்லாண்ட் லேஸ் பெரிய நாகரிகமாக இருந்தது. பின்னியவர்களோ வயல் வேலைக்கும் மீன் வேலைக்கும் நடுவே ஊசியை எடுத்த பெண்கள். இடுப்பில் குதிரை ரோமம் திணித்த தோல் பட்டை கட்டி, அதிலுள்ள துளையில் ஒரு ஊசியைச் செருகிக்கொள்வார்கள். நடந்துகொண்டே பின்ன அது வசதி.

ரஷ்யாவில் ஊரல் மலைப் பக்கம் ஓரன்பர்க். அங்கே வெள்ளாட்டின் அடிரோமம். அதை மட்டும் வைத்தால் நூல் தாங்காது என்று பட்டு இழையோடு சேர்த்து முறுக்குவார்கள். எஸ்டோனியாவின் மேற்குக் கடற்கரையில் ஹாப்சாலு. அங்கே கம்பளி, அதில் மொட்டு மொட்டாகப் புடைத்து நிற்கும் ‘நுப்பு’கள். ஓரத்தைத் தனியாகப் பின்னிச் சால்வையோடு தைப்பார்கள்.

ஊர் மூன்று, மோதிரச் சோதனை ஒன்று. மூன்று இடத்திலும் நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உறுதி. முறுக்கு இல்லாத பஞ்சு நூலில் யாரும் மோதிரச் சால்வை பின்னவில்லை.

நுப்பு பின்னும்போது ஊசி உள்ளேயே போக மாட்டேன் என்கிறது மேடம்.

ஒரே கண்ணிக்குள் (ஊசியில் நிற்கும் ஒரு வளையம்தான் கண்ணி) ஐந்தோ ஏழோ கண்ணிகளை எடுக்கிறோம், அடுத்த வரிசையில் அத்தனையையும் சேர்த்து ஒரே பர்லாக, அதாவது நூலை முன்பக்கம் வைத்துப் பின்னும் ஒரே கண்ணியாக, முடிக்கிறோம். எடுக்கும்போதே விரல் நுனி அளவுக்குத் தாராளமாக இழுத்து விடுங்கள். அசிங்கமாகத் தெரியும், பரவாயில்லை, பிறகு அடங்கிவிடும். ஊசி முனை கூராக இருக்கட்டும்.

‘பஷ்மினா நூல்’ என்று ஒரு கண்காட்சியில் 150 ரூபாய்க்கு ஒரு உருண்டை வாங்கினேன். பளபளவென்று இருக்கிறது. இதில் காஷ்மீர் சால்வை பின்னலாமா?

இரண்டு விஷயம். காஷ்மீர் பஷ்மினா சால்வை ஊசியில் பின்னுவது இல்லை, தறியில் நெய்வது. இரண்டாவது, அந்த விலைக்குப் பஷ்மினா கிடைக்காது. லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேல் வாழும் வெள்ளாடுகளின் அடிரோமம் அது. வசந்த காலத்தில் சீப்பால் வாரி எடுப்பார்கள். இழையின் பருமன் 12 முதல் 16 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நம் தலைமுடி சுமார் 70.

ஒரு விரற்கடை நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் தேய்க்கும் தொட்டிமேல் வைத்துக் கொளுத்துங்கள். விலங்கு ரோமமானால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பிளாஸ்டிக் போல உருகிக் கெட்டி மணியானால் அது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். உங்களுடையது பளபளக்கிறது என்கிறீர்கள், எனக்கு அக்ரிலிக் சந்தேகம்தான். தூக்கிப் போட வேண்டாம், கைப்பழக்கத்துக்கு நல்லது. குழந்தைத் தொப்பியும் பின்னலாம்.

ஒவ்வொரு முறையும் மூன்றாவது, நான்காவது வரிசையில் கண்ணி எண்ணிக்கை தப்பிவிடுகிறது. அழுகையாக வருகிறது.

அழாதீர்கள். லேஸின் கணக்கு வரவு செலவுக் கணக்கு. நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றும் ‘யார்ன் ஓவர்’ ஒவ்வொன்றும் ஒரு கண்ணி வரவு. அதுதான் ஓட்டை. இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னுவது ஒரு கண்ணி செலவு. இரண்டும் சமமானால் வரிசை நேராக நிற்கும்.

ஷெட்லாண்டின் ‘ஓல்ட் ஷேல்’ என்ற பழைய வடிவத்தை எடுத்துப் பாருங்கள். 18 கண்ணிக்கு ஒரு கட்டம், நான்கே வரிசை. முதல் வரிசை முழுக்க நிட், அதாவது நூலைப் பின்பக்கம் வைத்துப் பின்னும் சாதாரணக் கண்ணி. இரண்டாவது முழுக்க பர்ல். மூன்றாவதில்தான் வேலை: இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை, பிறகு ஒரு சுற்று, ஒரு நிட் என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. நான்காவது முழுக்க நிட். மூன்றாவது வரிசையில் செலவு ஆறு, வரவு ஆறு. 18 அப்படியே 18. செலவெல்லாம் ஒரு பக்கமும் வரவெல்லாம் ஒரு பக்கமும் குவிவதால்தான் துணி மேலும் கீழும் வளைந்து, கரையில் அலை வந்து போன மணல் மாதிரி ஆகிறது.

இதில் தப்பினால் பெரும்பாலும் ஒரு சுற்று விட்டிருப்பீர்கள். பிரிக்க வேண்டாம். அடுத்த வரிசையில் அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு கண்ணிக்கு இடையே கிடக்கும் குறுக்கு நூலை ஊசியால் தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவே விட்டுப்போன சுற்று. ஓட்டை கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், அலசினதும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு 18 கண்ணி முடிவிலும் வேறு நிற நூலில் ஒரு வளையம் மாட்டினால், எந்தக் கட்டத்தில் தப்பு என்று உடனே பிடிபடும். முழு வரிசையையும் எண்ணுவது வீண் வேலை.

லைஃப்லைன் அவசியமா?

அவசியம். பத்து வரிசைக்கு ஒரு தடவை, மெல்லிய பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் விட்டு வையுங்கள், தப்பினால் அந்த வரிசை வரை மட்டும் பிரித்தால் போதும். அடையாள வளையங்களுக்குள் அதை விட்டுவிடாதீர்கள், மாட்டிக்கொள்ளும். எனக்குத் தேவையில்லை என்று நினைத்த சால்வையில்தான் 40 வரிசை போனது.

மொஹேர் (அங்கோரா வெள்ளாட்டு ரோமம்), பட்டுக் கலவை நூல். பிரிக்கப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது.

பின்னலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் ரோமங்களின் பிடி கொஞ்சம் தளரும். வெளியே எடுத்ததும் கண்ணி கண்ணியாக, அவசரப்படாமல் பிரியுங்கள். அறுந்த ரோமம் இருந்தால் நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் வெட்டுங்கள், நடு இழையான பட்டு நூலை வெட்டிவிடாதீர்கள். இந்த நூலுக்கு வழுக்கும் உலோக ஊசி நல்லது. பட்டு, மெரினோ போல வழுக்கும் நூலுக்கு மூங்கில். ஒட்டுகிற நூலுக்கு வழுக்குகிற ஊசி, வழுக்குகிற நூலுக்குப் பிடிக்கிற ஊசி, அவ்வளவுதான்.

மேலிருந்து விரியும் முக்கோணச் சால்வை. பாதி வரிசை தாண்டும்போது நூல் நிறைய மிச்சம் இருந்தது, கடைசியில் ஓரம் மூட நூலே இல்லை!

எல்லோரும் விழுகிற குழி. வரிசை போகப் போக நீள்கிறதல்லவா, 200 வரிசைச் சால்வையில் பாதி நூல் தீர்வது 100-ஆவது வரிசையில் இல்லை, ஏறக்குறைய 141-இல். சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுத்துப் பாருங்கள், வரிசைக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஓரம் மூட கடைசி வரிசையைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். மூடுவதையும் தளர்வாகச் செய்யுங்கள், இரண்டு அளவு பெரிய ஊசியில். ஓரம் இறுகினால் எவ்வளவு இழுத்தாலும் முனை விரியாது.

பின்னி முடித்தேன். கசங்கிய பாத்திரத் துணி போல இருக்கிறது. இதற்கா இத்தனை பாடு?

எல்லா லேஸும் ஊசியிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். பிளாக்கிங்கில்தான், அதாவது நனைத்து, இழுத்து விரித்துக் காயவைப்பதில்தான், அது சால்வையாகிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும். துணி சோப்புத் தூள் வேண்டாம், அதிலுள்ள காரம் கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது. துளி ஷாம்பு போதும், பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் இன்னும் நல்லது. தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி கெட்டியாகிவிடும். இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, துண்டில் பாய் போல் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். பிறகு மெத்தையில் பழைய வேட்டி விரித்து, நடுவிலிருந்து ஆரம்பித்து, முனைகளை இழுத்துக் குண்டூசி குத்துங்கள். கம்பளி கால் பங்கு வளரும். இழுக்கும்போது ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண் திறப்பதைப் பார்க்கலாம். மின்விசிறியைப் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகே எடுங்கள். மழைக்காலமானால் இரண்டு நாளும் ஆகும்.

குண்டூசி மட்டும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். என் முதல் வெள்ளைச் சால்வைக்கு மேசையில் கிடந்த குண்டூசிகளைக் குத்தி, திருப்தியாகத் தூங்கப் போனேன். காலையில் ஓரம் முழுக்க வரிசையாகப் பழுப்புப் பொட்டு. அந்தச் சால்வைக்கு இப்போது காபி நிறச் சாயம் ஏற்றியிருக்கிறேன். கேட்கிறவர்களிடம் அந்த நிறம் வேண்டும் என்றே எடுத்ததாகச் சொல்வேன்.

அக்ரிலிக் இப்படி நனைத்து இழுத்தால் நிற்காது. ஈரத் துணி வைத்து ஆவி காட்டலாம், ஆனால் ஒரு தடவை ஆவி பட்டுத் துவண்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. துண்டு மாதிரியில் முதலில் பாருங்கள்.

சென்னையில் கம்பளிச் சால்வையை யார் போடுவது? பருத்தியில் பின்னலாமா?

தாராளமாக. குரோஷா வேலைக்கு விற்கும் மெர்சரைஸ்டு, அதாவது பளபளப்பாகப் பதப்படுத்திய, பருத்தி நூல் நன்றாக வரும். ஆனால் பருத்தி நீண்டால் நீண்டதுதான், கனமும் அதிகம். சிறிதாகப் பின்னுங்கள். விறைப்புக்கு நம் வீட்டு வழி இருக்கிறதே: ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, முக்கி எடுத்து ஊசி குத்திக் காயவையுங்கள். அடுத்த துவைப்பில் போய்விடும், மறுபடி போட வேண்டியதுதான். கஞ்சியோடு மடித்து நாள்கணக்கில் அலமாரியில் வைத்தால் பூச்சிக்கு விருந்து.

கம்பளியையும் ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். குளிர்சாதன அலுவலகத்திலும், இரவு ரயிலிலும் 50 கிராம் லேஸ் சால்வை போர்வையைவிட உதவும். ஒன்று மட்டும், வளையலும் மெட்டியும் லேஸுக்கு எதிரி. மாட்டி இழுத்துவிட்டால் வெட்டாதீர்கள், மழுங்கிய தையல் ஊசியால் நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குப் பகிர்ந்து தள்ளுங்கள்.

அந்துருண்டை போடலாமா?

போடலாம், நூலில் படாமல். அதைவிட முக்கியம் அலசிவிட்டு உள்ளே வைப்பது. அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வையும் எண்ணெயும் பட்ட கம்பளிதான் பிடித்த உணவு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து உதறுங்கள்.

எனக்கு 66 வயதாகிறது, அம்மா. கண்ணாடி போட்டும் கறுப்பு நூலில் கண்ணியே தெரியவில்லை. மகள் கறுப்புதான் கேட்கிறாள்.

மகளுக்குச் சாம்பல் நிறம் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கறுப்புதான் என்றால் பகலில், ஜன்னல் ஓரம், மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டு பின்னுங்கள். மேலே சொன்ன ஓல்ட் ஷேலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் மூன்று வரிசை கண் பார்க்காமலே கை செய்துவிடும், அவற்றைச் சீரியல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வரிசையை மட்டும் காலையில்.