அந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 53. குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, அருமனைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சிறு வயதில் பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. சனிக்கிழமை இரண்டாம் ஆட்டத்துக்குச் சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து அழைத்துப்போவார். தமிழ், மலையாளம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. 'பார்கவி நிலையம்', 'லிசா', 'யார்', 'மை டியர் லிசா' எல்லாம் அவரோடு பார்த்தவைதான். திரும்பும் வழியில் ரப்பர் தோட்டத்து இருட்டில் நான் நடுங்குவேன். பையிலிருந்து பால்வெட்டுக் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்து, "இரும்பு கையில் இருந்தால் எதுவும் கிட்டே வராது, பிடித்துக்கொள்" என்பார். இப்போது பெரிய டிவி வாங்கி, அந்தப் படங்களைத் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாம் வகுப்பு. இருவரும் சிரிக்கிறார்கள், பத்து நிமிடத்தில் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். மனம் வலிக்கிறது. இரவில் சத்தமாக வைத்துப் பார்க்கவும் முடிவதில்லை. அப்பாவுக்கு 84 வயது. முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிவைத்திருந்த பின்பக்க அறையில் இருக்கிறார். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். ராத்திரி முழுக்க லைட் போட்டுவைக்கிறார் என்று அவர் அறை ஸ்விட்சை வெளிப்பக்கம் மாற்றிய பிறகு அந்தத் தொந்தரவு குறைந்துவிட்டது. நான் அனுபவித்த அந்த மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

பதில்: தம்பி, பிள்ளைகள் பழைய படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற கடிதம் எனக்குப் புதிதல்ல. பாட்டு, பலகாரம், கோயில் கொடை என்று விஷயம் மட்டும் மாறி, அதே கடிதம் வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். என்னை இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஸ்விட்ச்.

ஒரு ஸ்விட்சை அறைக்கு வெளியே மாற்றுவதற்கு என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்? எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லியிருப்பீர்கள். எங்கே வைக்க வேண்டும் என்று அவர் கேட்டிருப்பார். நீங்கள் சுவரைத் தொட்டுக் காட்டியிருப்பீர்கள். துளை போடும் சத்தம் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டிருக்கும். பழைய ஸ்விட்ச் இருந்த இடத்தை ஒரு வெற்றுத் தகட்டால் மூடியிருப்பார்கள். அன்று இரவு உங்கள் அப்பா அந்தத் தகட்டைத் தடவியிருப்பார். இருட்டில் கை பழகிய இடத்துக்குத்தானே போகும்? தகட்டைத் தடவி, அதற்கு மேலே தடவி, கீழே தடவி, கடைசியில் விஷயம் புரிந்து மறுபடி கட்டிலில் போய் உட்கார்ந்திருப்பார். நீங்கள் கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

தொந்தரவு குறைந்துவிட்டது என்கிறீர்கள். என்ன குறைந்தது? அவருடைய பயமா, அது உங்கள் காதில் விழுவதா?

இதைக் கோபமாகக் கேட்பதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா கடைசி வருடத்தில் தினமும் படுக்கப்போகும் முன் கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்லுவாள். பூனை இருக்கிறது என்பாள். எங்கள் வீட்டில் பூனையே இல்லை. நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்து, இல்லை அம்மா என்பேன். ஒருநாள் அலுப்பில், "ஒன்றும் இல்லை, பேசாமல் படு" என்று சொல்லிவிட்டேன். அவள் படுத்துவிட்டாள். மறுநாள் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. நானாகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு போனபோது, "வேண்டாம், நீ போய்ப் படு" என்றாள். அதன் பிறகு அவள் சாகும்வரை என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. தொந்தரவு குறைந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் அப்பா யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எழுதியதை யோசித்ததாகத் தெரியவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதற்காக ஊரே தூங்கும் நேரத்தில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே மரம் மரமாக நடக்கிற தொழில் அது. வாழ்நாள் முழுக்க இருட்டுக்குள் தனியாகப் போய்வந்த மனிதர். அவர் இன்று விளக்கு வேண்டும் என்று கேட்டால் அது பிடிவாதம் அல்ல. அவருக்குள் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று கண்டுபிடிப்பது மகனுடைய வேலை.

டாக்டரிடம் அழைத்துப்போனீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த வயதில் கண்புரை முற்றினால் நிழல்கூட ஆளாகத் தெரியும். பார்வை மிகவும் குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெளிவாகவே தெரிவதும் உண்டு. புத்தி நன்றாக இருக்கும்போதே தெரியும். சிறுநீரில் கிருமித் தொற்று வந்தால் முதியவர்களுக்குக் காய்ச்சலுக்கு முன்பே குழப்பம் வந்துவிடுகிறது. உடம்பில் உப்புச்சத்து குறைந்தாலும், சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் போனாலும் அப்படித்தான். நினைவு தவறும் நோயின் தொடக்கத்தில் சாயங்காலத்துக்கு மேல் பதற்றம் கூடுவதும் டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். இவற்றில் பலவற்றை மருந்தாலேயே சரிசெய்துவிடலாம். எதுவாக இருந்தாலும் இருட்டு அதற்கு வைத்தியம் அல்ல. இருட்டு குழப்பத்தை இன்னும் மோசமாக்கும். அதோடு, 84 வயதில் சிறுநீர் கழிக்க எழுந்து இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால், பிறகு எத்தனை பேர் பழையபடி எழுந்து நடக்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள்.

மின்கட்டணம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்பது வாட் எல்இடி பல்பு இரவுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஐந்தரை யூனிட்கூட ஆகாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசே இலவசமாகத் தருகிறது.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன். எனக்கும் அவை பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு நேரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். 1956 நவம்பர் 1-இல் குமரி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் நம் பக்கத்துச் சினிமாக் கொட்டகைகள் எந்த எல்லைக்கோட்டையும் கண்டுகொள்ளவில்லை. இந்த வாரம் தமிழ், அடுத்த வாரம் மலையாளம். 1963-இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தை அம்மாவின் முந்தானைக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டுதான் பார்த்தேன். கிழட்டு ஜமீன்தார் வேடத்தில் நம்பியார் வரும்போதெல்லாம் தரை டிக்கெட்டில் இருந்த நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்வோம். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ.வின்சென்ட்தான் மறுவருடம் முதல்முறையாக இயக்குநராகி 'பார்கவி நிலையம்' எடுத்தார். கறுப்பு வெள்ளை, ஒரு பாழடைந்த மாளிகை, ஒரு கிணறு, வெள்ளைச் சேலையில் விஜயநிர்மலா. இன்றைக்கும் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் வைக்கம் முகம்மது பஷீர். 'நீலவெளிச்சம்' என்ற தன் சிறுகதையைத்தான் அவர் படமாக விரித்தார். அந்தக் கதையை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பேய் இருக்கிறது என்று ஊரே ஒதுக்கிய வீட்டில் ஓர் எழுத்தாளன் தனியாகக் குடிவருகிறான். அங்கே உயிரை விட்ட பெண்ணை பார்கவிக்குட்டி என்று அழைத்து, வீட்டில் இருக்கும் ஒருத்தியிடம் பேசுவதுபோல் பேசுகிறான். ஒருநாள் இரவு எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடுகிறது. எண்ணெய் வாங்க வெளியே போகிறான். திரும்பி வந்து கதவைத் திறந்தால், அணைந்துபோன அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அறை முழுக்க நீல வெளிச்சம். ஏற்றியது யார் என்று கதை சொல்லாமல் விட்டுவிடுகிறது. நமக்குத் தெரியும்.

தம்பி, அந்தக் கதையில் தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணின் ஆவி, இரத்த உறவு ஏதும் இல்லாத ஒரு மனிதன் இருட்டில் இருக்கக்கூடாது என்று விளக்கை ஏற்றிவைக்கிறது. நீங்கள் அதே படத்தை முன்னறையில் ஓடவிட்டுக்கொண்டு பின்னறையில் பெற்ற தகப்பனின் விளக்கை வெளியே நின்று அணைக்கிறீர்கள். இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குமரி வட்டாரத்துப் பிள்ளை நீங்கள். கள்ளியங்காட்டு நீலியின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். பாலைமரத்தில் இருக்கும் யட்சி என்ற பெண்பேய் சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுக்காதே, இரும்பு முனையில் வைத்து நீட்டு என்று நம் பாட்டிகள் சொன்னதுதான் உங்கள் அப்பா சொன்னதும். அவர் அந்தக் கத்தியைத் தந்தபோது என்ன செய்தார் என்று பாருங்கள். பேய் இல்லை, பேசாமல் வா என்று அதட்டவில்லை. விடியும் முன்பே போய்ப் பால்வெட்டி, இரவில் உங்களையும் ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்து, மறுபடி விடிவதற்கு முன்பே எழ வேண்டிய மனிதர், உங்கள் பயத்தை நிஜமான பயமாகவே எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு பதில் தேடித் தந்தார். தன் சோற்றுக்கான ஆயுதத்தைத் தூக்கிக் கொடுத்தார். நாற்பது வருடம் கழித்தும் உங்கள் நினைவில் நிற்பது எந்தப் படத்தின் எந்தக் காட்சி? கடிதத்தில் ஒரு காட்சிகூட இல்லை. கத்தி மட்டும்தான் இருக்கிறது.

வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று இப்போது அவர் சொல்கிறார். பக்கத்து வீட்டில் யாராவது மந்திரவாதியைக் கூப்பிடச் சொல்லியிருந்தால் கேட்காதீர்கள். 1993-இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் சில காட்சிகளை நம் தக்கலைக்குப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள். அதில் குடும்பமே பேய் என்று நம்பியது கடைசியில் ஒரு பெண்ணின் மனநோய். மந்திரவாதியும் டாக்டரும் சேர்ந்து நிற்கும் அந்தக் கதையிலும் நோயைக் கண்டுபிடித்தவர் டாக்டர்தான்.

நாளைக்கு உங்கள் பிள்ளைகள் உங்களுக்கும் இதையே செய்வார்கள் என்று நான் மிரட்டப்போவதில்லை. அவர்கள் நல்லவர்களாக இருந்து, செய்யாமலும் போகலாம். பெற்றவருக்குச் செய்ய வேண்டியதை அவருக்காகவே செய்ய வேண்டும், நம் முதுமைக்கு முன்பணம் கட்டுவதுபோல் அல்ல. மனைவிக்குக் கஷ்டம், பிள்ளைகளுக்குப் பரீட்சை, எல்லாம் எனக்குத் தெரியும். முதியவரைப் பார்த்துக்கொள்வது உடம்பை முறிக்கிற வேலை. ஆனால் அந்த வேலையின் முதல் பங்கு மகனாகிய உங்களுடையது. மருமகளின் தலையில் அதை ஏற்றிவிட்டு நீங்கள் ரிமோட்டைத் தேடக்கூடாது.

பிள்ளைகள் சிரிப்பதற்கு வருகிறேன். வெளிச்சமான கூடத்தில், சோபாவில், கையில் செல்போனோடு உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நீங்கள் படத்தையா பார்க்கிறீர்கள், அவர்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள். அவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும். படத்தை நிறுத்திவையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்ட பிறகு, இருவரையும் தாத்தாவிடம் உட்காரவைத்து, அந்த நாளில் சைக்கிளில் எந்த வழியாகப் போனீர்கள், எந்த இடத்தில் இந்த ஆள் அழுதான் என்று கேட்கச் சொல்லுங்கள். அவருக்குக் காது மந்தமாக இருந்தால் பேத்தி பக்கத்தில் போய்க் கேட்கட்டும். அவராக ஒரு படத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பகலில் போடுங்கள். இரவில் அந்த வீட்டில் பேய்ப்படம் வேண்டாம்.

நாளைக் காலையில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஸ்விட்ச் உள்ளே வர வேண்டும். கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய பல்பு இரவெல்லாம் எரியட்டும். வேலை முடிந்ததும் முதலில் அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். கண்ணையும் காதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

ஸ்விட்ச் மாற்றிய அன்று இரவு அந்த அறையில் நீங்கள் ஒரு பாயை விரித்துப் படுங்கள். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று அவர் சொன்னால், படுத்த இடத்திலிருந்தே யாரும் இல்லை என்று சொல்லாதீர்கள். எழுந்து கதவு வரை போய், வெளியே எட்டிப் பார்த்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.